செவி திறந்தால் வாய் திறக்கும்

கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தை வைத்தார் வள்ளுவர். எழுத்தறியாதவனும் காதால் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவர் கருத்து. பள்ளியில் அந்த அதிகாரத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால், கேட்கவே இயலாத குழந்தை ஒன்று வீட்டில் பிறந்தால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? நான் எண்ணியதில்லை. மொழியியல் படிக்க மைசூருக்கு வந்தவன் நான். ஒலியன், உருபன் என்று ஏட்டில் படித்த எனக்கு, ஒரு குழந்தையின் வாயில் சொல் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கற்பித்தது வகுப்பறை அன்று. மானசகங்கோத்திரியிலேயே இருக்கும் ஒரு மருத்துவ நிலையம். அங்கே கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிலையம் என்பது அதன் பெயர். 'ஆயிஷ்' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் நேரே கொண்டுவந்து விடுவார்கள். மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 1965இல் அதனை நிறுவியது. 1966 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அடிக்கல் நாட்டினார். அவர் 1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் என்பது நாம் நினைவில் வைக்கத் தக்கது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர், செவித்திறன் ஆய்வர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலார், சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஆகியோர் ஒரே வளாகத்தில் பணிபுரிகின்றனர். எல்லா வயதினரும் அங்கே வருகின்றனர். எனினும், காத்திருக்கும் கூடத்தில் நம் கண்ணில் முதலில் படுவது தாயின் மடியும் அதில் ஒரு குழந்தையுமே.

ஒரு குடும்பம்

சென்ற ஆண்டு ஆடி மாதம் எங்கள் ஊரிலிருந்து ஓர் அக்காவும் அவர் கணவரும் இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன மகனைத் தூக்கிக்கொண்டு மைசூர் வந்து சேர்ந்தார்கள். சத்தியமங்கலத்தில் பேருந்து ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக வந்திருந்தார்கள். வழியெல்லாம் குழந்தையைத் தூங்கவிடவில்லை. "தூக்கம் வந்தாத்தான் அங்க டெஸ்ட் எடுக்க முடியும்னு சொன்னாங்க தம்பி" என்றார் அந்த அக்கா. அவர் கண்களும் சிவந்திருந்தன.

பையன் அதுவரை 'அம்மா' என்று சொன்னதில்லை. "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான்" என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியிருக்கிறார்கள். கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தாய்க்கு மட்டும் சென்ற தீபாவளியிலிருந்தே ஐயம். வாசலில் சரவெடி வெடித்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை புரண்டுகூடப் படுக்கவில்லையாம்.

"ஏனுங் தம்பி, நாக்குல கோளாறுங்களா?" என்று என்னைக் கேட்டார். ஊரில் பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் முதற்படி.

நாக்கு அன்று, காது

பேசாத குழந்தைகளுள் பலருக்கு நாக்கில் ஒரு குறையும் இல்லை. கேளாத மொழியை யார்தான் பேச முடியும்? நாம் சீன மொழி பேசாதது நம் நாக்கின் குறையா? வீட்டில் அதைக் கேட்டு வளரவில்லை, அவ்வளவே. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு எல்லா மொழியும் அப்படித்தான். ஆகவே 'ஊமை' என்று ஊரார் இடும் பெயர் கொடியது மட்டும் அன்று, தவறானதும் ஆகும். அந்தப் பெயர் நோயின் இடத்தையே மாற்றிக் காட்டுகிறது. பெற்றோர் நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, காதுக்குரிய காலம் கழிந்துவிடுகிறது.

காது எப்படிக் கேட்கிறது? காற்றில் வரும் ஒலி அலை செவிப்பறையை அதிர்விக்கும். அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிறிய எலும்புகள் உள்ளே கடத்தும். உள்ளே நத்தை ஓடுபோல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றிய ஒரு குழல் உண்டு. காக்ளியா எனப்படும் அந்தக் குழலில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புக்குரிய மின்துடிப்பாக மாற்றுபவை அவையே. ஒரு முறை அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இந்தக் கருவி தாயின் வயிற்றில் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அபிமன்யு கருவிலேயே கேட்ட கதையை நாம் புராணம் என்று ஒதுக்கலாம். கருவில் உள்ள குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது என்பது அறிவியல்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 1 முதல் 3 குழந்தைகள் கேட்பதில் பெருங்குறையுடன் பிறக்கின்றன என்பது உலகெங்கும் பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அதைக் கண்டறிய இன்று பெரும்பாடு வேண்டியதில்லை. 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்னும் அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார்: நல்ல காது ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், மிக மெல்லிய ஒலி ஒன்றைத் தானும் திருப்பி எழுப்புகிறது. அந்த எதிரொலியை ஒரு சிறு கருவியைக் காதில் வைத்துப் பிடித்துவிடலாம். உறங்கும் பச்சிளங்குழந்தைக்கும் சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. எதிரொலி வராவிட்டால் அடுத்த சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்வாய்களை ஒட்டி, காதில் ஒலியைச் செலுத்தி, மூளைத்தண்டில் அது எழுப்பும் சிறு மின்னசைவைப் பதிவு செய்கிறார்கள். குழந்தை அசையாமல் உறங்க வேண்டியது இதற்குத்தான்.

என் பிழை

அக்காவின் மகன் நன்றாகவே உறங்கினான். சோதனை முடிந்ததும் செவித்திறன் ஆய்வராகிய அம்மையார் எங்களை உட்காரவைத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். நாம் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பினாலும் உரிய அசைவு இல்லை. மிகக் கடுமையான குறை என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சொன்னார். கணவரும் மனைவியும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் கேக்கறது கம்மியா இருக்குதாம் அக்கா" என்றேன்.

இரக்கத்தால் சொன்னதே. ஆனால் அடுத்த நொடியே அவர் கணவர் எழுந்துவிட்டார். "கொஞ்சந்தானே? ஆவணி முகூர்த்தம் வருது. பூ விலை ஏறும். தோட்டத்தை விட்டுட்டு எப்படி இங்க உக்காந்திருக்கறது? தை மாசம் வந்துக்கலாம்" என்றார். மல்லிகைத் தோட்டம்தான் அவர்கள் பிழைப்பு. அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் சொன்னதில்தான் இருந்தது.

அம்மையாருக்குச் சிறிது தமிழ் தெரியும். 'கொஞ்சம்' என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நான் சொன்னது அது இல்லையே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் குன்றிப்போனேன். பிறகு வரைபடத்தை என் கையால் பிடித்துக்கொண்டு, இருந்ததை இருந்தபடியே சொன்னேன். அந்த அக்கா அழுதார். சற்றுப் பொறுத்து, "ஆறு மாசம் போனா என்ன ஆகுமுன்னு கேளுங்க தம்பி" என்றார். என் பாதிச் சொல் அந்தக் கேள்வியையே அவர் வாயில் வரவிடாமல் தடுத்திருக்கும்.

காலம் ஏன் முக்கியம்?

ஆறு மாதம் போனால் என்ன ஆகும்? மூளையில் ஒலிக்கென ஒரு பகுதி உண்டு. பிறந்த முதல் சில ஆண்டுகளில், கேட்கக் கேட்க அது வளர்கிறது. ஒலி வராவிட்டால் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. பார்வை முதலிய பிற புலன்கள் அதனை எடுத்துக்கொள்கின்றன. மூன்று, மூன்றரை வயதுக்குள் ஒலி சென்று சேர்ந்தால் பயன் மிகுதி. காலம் செல்லச் செல்லப் பயன் குறைகிறது. ஆகவேதான் மருத்துவ உலகில் ஒன்று, மூன்று, ஆறு என்று ஒரு விதி சொல்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய்முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். தம் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன என்பதை அவர்கள் அன்றுதான் உணர்ந்தார்கள்.

கருவி இரண்டு வகை. காது மிஷின் என்று நாம் சொல்வது ஒலியைப் பெரிதாக்கும். மயிரணுக்கள் ஓரளவு எஞ்சியிருந்தால் அது போதும். அவை பெரும்பாலும் இல்லாதவிடத்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. வாங்குவார் இல்லாத சந்தையில் கூவி விற்பது போல. அங்கேதான் காக்ளியர் இம்ப்ளான்ட் வேண்டும். வெளியே காதோரம் ஒரு கருவி ஒலியை வாங்கி மின்குறியாக மாற்றும். அறுவை மருத்துவத்தால் உள்ளே வைத்த மெல்லிய மின்வாய்கள் அதனை நேரே நரம்புக்குக் கொடுக்கும். 1957இல் பாரிசில் முதன்முதலில் முயன்ற இம்முறை, 1978இல் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் பல மின்வாய்க் கருவியைப் பொருத்திய பின் பேச்சைப் புரிந்துகொள்ளப் பயன்படும் நிலைக்கு வந்தது. விலை பல இலட்சம் ரூபாய். எனினும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இச்செய்தியை ஊரில் எத்தனை பேர் அறிவர்?

கருவி கதவு, தாய் வழி

கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று எண்ணுவோர் பலர். அது பெரும் பிழை. பிறந்த குழந்தை ஓராண்டு கேட்ட பின்னரே முதற்சொல் சொல்கிறது. கருவி பெற்ற குழந்தைக்குக் கேள்வியின் வயது அன்றுதான் தொடங்குகிறது. மருத்துவர் கதவைத் திறந்துவிடுகிறார். உள்ளே கைபிடித்து அழைத்துச் செல்பவர் வீட்டில் உள்ளவர்.

இதை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒரு தாயும் உண்டு. அமெரிக்க நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ், ஒரு நாள் கதவு ஓங்கி அறைந்தும் தம் மகன் விழிக்காததைக் கண்டு, அவனுக்குக் கேட்கவில்லை என்று உணர்ந்தார். மகனுக்குத் தாமே பேசக் கற்பித்தார். பிறகு 1942இல் மகன் பெயரால் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நிலையம் தொடங்கினார். குழந்தைக்கு அல்லாமல் பெற்றோர்க்கே பாடம் எழுதி அஞ்சலில் அனுப்பும் திட்டம் அங்கிருந்து உலகெங்கும் சென்றது. சென்னையில் 1969இல் தோன்றிய பால வித்யாலயா பள்ளியும் பெற்றோரைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறது. மைசூரிலோ, பெற்றோர் சங்கத்தார் நடத்தும் தாய்மார் பள்ளி ஒன்று உண்டு. அங்கே பிள்ளையோடு தாயும் வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்.

எங்கள் ஊர் அக்கா ஆறு மாதம் மைசூரில் வாடகை அறை எடுத்துத் தங்கினார். மூத்த மகளை அப்பத்தாவிடம் விட்டு வந்தார். கணவர் தோட்டத்துக்குத் திரும்பினார். முதல் வாரம் பயிற்சியில் ஒரு கேள்வி எழுந்தது: எந்த மொழியில் பேசுவது? "நாளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதானே சேர்க்கோணும். நான் இப்பவே ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக் குடுக்கட்டுங்களா?" என்றார் அக்கா. அதை அப்படியே மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எந்த மொழியில் தாலாட்டு வரும்? அந்த மொழியில் பேசுங்கள்" என்றார். மொழியியலில் நான் படித்த பல அதிகாரங்களைவிட அந்த ஒரு விடை பெரிது. யோசித்து யோசித்துப் பேசும் மொழியில் தாய் நாளுக்கு நூறு சொல் சொல்வார். தாய்மொழியில் ஆயிரக்கணக்கில் சொல்வார். கோபிப்பார், கொஞ்சுவார், கதை சொல்வார். குழந்தைக்கு வேண்டியது அந்த வெள்ளம்.

நம் தமிழில் கண்ணால் மட்டும் பார்த்து அறிய முடியாதவை பல. 'பாலை', 'மாலை' இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒன்றுபோலவே அசையும். வேறுபாடு காதுக்கே தெரியும். 'கல்', 'கால்' என்பவற்றில் நீளமே பொருளை மாற்றுகிறது. ஆகவே பயிற்சியில் சில வேளை வாயை மறைத்தும் பேசுகிறார்கள்; குழந்தை உதட்டைப் பாராமல் ஒலியை நாடவேண்டும் என்பதற்காக. காலையில் எழுந்ததும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த ஆறு ஒலிகள் உண்டு: 'ஆ', 'ஊ', 'ஈ', 'ஷ்', 'ஸ்', 'ம்'. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பேச்சின் பரப்பு முழுதும் இந்த ஆறில் அடங்கும். ஒவ்வோர் ஒலியும் கேட்டவுடன் குழந்தை ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடவேண்டும். மற்றப்படி தனிப் பாடம் இல்லை. குளிப்பாட்டும்போது "தண்ணி சுடுதா?" என்பதும், தோசை வார்க்கும்போது "சொய்ங்னு சத்தம் கேக்குதா?" என்பதுமே பாடம்.

தாயைத் தாங்குவது யார்?

இத்தனையும் ஒருத்தி தோளில் விழுகிறது. அதற்கு மேல் பழியும் அவளுக்கே. "உன் வழியில யாருக்கு இப்படி?" என்று மாமியார் வீட்டில் கேட்காத நாள் இல்லையாம். இங்கே அறிவியலைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம் நாட்டில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது வழக்கம். பிறவிச் செவிக்குறையுள் ஒரு வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேரும்போதே வெளிப்படும். இருவரும் அதனைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவில் மணந்தோர்க்கு இவ்வாய்ப்பு மிகும். எனினும் அவர்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். குறை வந்தாலும் அது இருவர் வழியிலும் சமமாக வந்ததே. ஒருத்தியின் குற்றம் அன்று. உளவியலார் இதனைக் கணவரையும் உடன் வைத்துக்கொண்டே விளக்கியபோது, அக்காவின் கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தம் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அப்பத்தாதான் இன்று பேரனுக்கு அதிகம் கதை சொல்கிறவர்.

காத்திருக்கும் கூடத்துத் தாய்மாரும் ஒருவருக்கொருவர் பெருந்துணை. கேரளத்துத் தாய் ஒருத்தியும் வடகன்னட நாட்டுத் தாய் ஒருத்தியும் அக்காவுக்குத் தோழியரானார்கள். பொதுமொழி இல்லை, ஆயினும் பிள்ளையின் கருவிக்கு மின்கலம் தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதை அவர்களிடமே கற்றார்.

ஒன்றை மறைக்கலாகாது. எல்லாக் குழந்தைக்கும் கருவி பயன் தருவதில்லை. காலம் கடந்து வருவோரும் உண்டு. அவர்களுக்கு மொழியே இல்லை என்று எண்ணுவது அறியாமை. சைகை மொழியும் இலக்கணம் உடைய முழு மொழியே. இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் தில்லியில் ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. ஏதேனும் ஒரு மொழி காலத்தில் குழந்தையைச் சென்றடைய வேண்டும் என்பதே கொள்ளத்தக்கது.

நாம் செய்யத்தக்கவை

நண்பர்களே, நாம் மருத்துவர் அல்லோம். எனினும் நம்மால் ஆவன சில உண்டு.

முதலாவது, ஊரில் புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தாலோ, கடுமையான மஞ்சள் காமாலை வந்தாலோ, உறவில் மணந்த பெற்றோராயினோ தவறாமல் கேளுங்கள்.

இரண்டாவது, தடுக்கக் கூடியதைத் தடுப்போம். குழந்தைகளின் செவிக்குறைவில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக் கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் கண்ணும் காதும் கெடலாம். தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் கர்நாடகமும் உண்டு. அப்போது வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் இருந்தனர். படித்த நாம் வீட்டில் வாய் திறக்க வேண்டிய இடம் அதுவே.

மூன்றாவது, இங்கே தமிழ்க் குடும்பம் எதுவும் துணைக்கு அழைத்தால் செல்லுங்கள். சீட்டுப் போடவும், பலகையைப் படிக்கவும், வீடு பார்க்கவும் உதவுங்கள். மொழிபெயர்க்க நேர்ந்தால் என்னைப் போல் செய்யாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டுமாயின் வெளியே வந்து, காப்பி வாங்கிக் கொடுத்து, உங்கள் சொல்லாகச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லோடு அதைக் கலக்காதீர்கள்.

மாசி மாதம் அந்தப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டிலேயே காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்தது. பயிற்சி இப்போது ஊருக்கு அருகிலேயே நடக்கிறது. சொற்கள் இன்னும் பத்துக்கு மேல் வரவில்லை. 'ஸ்' ஒலிக்குச் சில நாள் கொட்டை விழுகிறது, சில நாள் விழுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்து, என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அக்காவின் குரல் "ம்" என்றது. டப்பாவில் டக்கென்று ஒரு புளியங்கொட்டை விழுந்தது.